குற்றாலம் மலைக்கு வாக்கி டாக்கி: 'எத்தனை கிலோமீட்டர்' என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது என்ன?

2024 மே 17. பழைய குற்றாலம் அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென வெள்ளம் பாய்ந்தது. நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். ஜனங்கள் அலறியடித்து ஓடும் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. மழை பெய்தது மேலே மலையில். வெள்ளம் வந்தது கீழே. நடுவில் இருந்த கொஞ்ச நேரத்துக்குள் மேலிருந்து ஒரு வார்த்தை கீழே வந்து சேர்ந்திருந்தால்?

அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2023 டிசம்பரில், தென்மாவட்டங்களுக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது. தூத்துக்குடி, நெல்லையின் பல பகுதிகளில் செல்போன் வேலை செய்யவில்லை. சொந்தக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் சென்னையிலும் பெங்களூருவிலும் பலர் தவித்தார்கள்.

டவர் இல்லாமல், நெட் இல்லாமல், ஒரு பட்டனை அழுத்தினால் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கிற கருவி வாக்கி டாக்கி. மலையடிவாரத் தோப்புக்காரர்கள், ஜீப் ஓட்டுநர்கள், வார இறுதியில் செங்கோட்டை வழியாக ஆரியங்காவு பக்கம் பைக்கில் போகும் ஐடி பசங்க என எல்லோருக்கும் இது தேவைப்படுகிற ஊர்தான் தென்காசி. ஆனால் ஆன்லைனில் கண்ணில் படுவதை ஆர்டர் பண்ணும் முன் கொஞ்சம் நில்லுங்க.

முதல் கேள்வி: லைசென்ஸ் வேண்டுமா?

இந்தியாவில் வயர்லெஸ் கருவியை வைத்துப் பேசுவதற்கு மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். 1933-ம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டம் தொட்டு வரும் விதி இது. 2023-ல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் இதைக் கைவிடவில்லை.

விலக்கு உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்ன இடைவெளியில் மட்டும் இயங்கும் குறைந்த பவர் செட்டுகளுக்கு, 2018-ம் ஆண்டு விதிகளின்படி தனி உரிமம் தேவையில்லை. ஆனால் அந்த மாடலுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தரும் 'ஈடிஏ' ஒப்புதல் இருக்க வேண்டும். பெட்டியில் இந்த இரண்டும், அதாவது அலைவரிசையும் ஈடிஏ எண்ணும், இல்லை என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

இது வெறும் காகிதச் சட்டம் இல்லை. அலைவரிசை, உரிமம் எதையும் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ உள்ளிட்ட தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதக் கடைசியில் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன.

யூடியூபில் எல்லோரும் புகழும் 'பாவ்ஃபெங் யூவி-5ஆர்' மாதிரியான 5 வாட் செட்டுகள் இங்கேதான் சிக்கல். அவை 136-174, 400-520 மெகாஹெர்ட்ஸ் என எல்லா இடத்திலும் புகுந்து பேசும். போலீஸ், வனத்துறை, ஆம்புலன்ஸ் போன்ற சேவைகளின் வயர்லெஸ்ஸும் இதே எல்லைக்குள்தான் வரும். தெரியாமல் ஒரு பட்டனை மாற்றி அழுத்தினால், மீட்புப் பணியில் இருப்பவர்களின் பேச்சுக்கு நடுவே நம் பேச்சு போய் விழும்.

கடையநல்லூர், தென்காசி வீடுகளில் இன்னொரு வழக்கம் உண்டு: வெளிநாட்டில் இருக்கும் மச்சான் வாங்கி வந்த செட். அமெரிக்காவில் விற்கும் குடும்ப ரேடியோக்கள் 462, 467 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. அங்கே சட்டப்படி சரி, இங்கே விலக்கு இல்லை. சாட்டிலைட் போன், சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும் மலையேற்றக் கருவிகள் விஷயம் இன்னும் கடுமை. அனுமதி இல்லாமல் அவற்றைக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் இந்திய விமான நிலையங்களில் கைதான சம்பவங்கள் உண்டு.

'30 கிலோமீட்டர்' கதை

பெட்டியில் போட்டிருக்கும் தூரம், ஒருவர் மலை உச்சியிலும் இன்னொருவர் எதிர் உச்சியிலும் நின்றால் கிடைக்கும் தூரம். சமவெளியில் இரண்டு பேர் ஆள் உயரத்தில் செட்டைப் பிடித்துப் பேசினால், பூமியின் வளைவே சுமார் 10 கிலோமீட்டரில் குறுக்கே வந்துவிடும். அதுவும் கணக்கில்தான். மரம், வீடு, மேடு எல்லாம் சேர்ந்தால் நிஜத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம்.

பவரைக் கூட்டினால் சரியாகிவிடுமா? வெட்டவெளியிலேயே தூரத்தை இரண்டு மடங்காக்க, பவரை நான்கு மடங்காக்க வேண்டும். நடுவில் பாறை மலை நின்றால் 5 வாட்டும் அரை வாட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். உயரமான இடமும் நேர்ப்பார்வையும்தான் தூரத்தைத் தருகின்றன. குண்டாறு அணைக்கு மேலே வளைந்து வளைந்து ஏறும் ஜீப், ஒரு திருப்பம் தாண்டியதும் 'காணாமல்' போவதற்குக் காரணம் இதுதான். பேச்சு விட்டுப்போனால், கத்திக் கத்திப் பார்க்காமல், எதிர்ச் சரிவு தெரியும் இடத்துக்கு இருபதடி நகர்ந்து நின்று பேசிப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள விஎச்எஃப் அலை சுமார் 2 மீட்டர் நீளம். மேடுகளைக் கொஞ்சம் வளைந்து தாண்டும், இலை தழைகளிலும் குறைவாகவே உறிஞ்சப்படும். 446-ல் உள்ள யூஎச்எஃப் அலை 67 சென்டிமீட்டர்தான். கார் ஜன்னல், கட்டட இடுக்கு வழியாக எளிதாக வெளியே வரும், அடர்ந்த ஈரக்காட்டில் சீக்கிரம் சோர்ந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பொருத்தம் விஎச்எஃப். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் கிடைப்பது யூஎச்எஃப். கசப்பான பொருத்தம்தான்.

அப்படியானால் யாருக்கு எது?

மூன்று நான்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் பயணத்துக்கும், ஒரே தோப்புக்குள் ஆட்கள் பேசிக்கொள்வதற்கும் 446 செட் தாராளம். இதில் ஆன்டெனா பெரும்பாலும் கழற்ற முடியாதது, காரின் இரும்புக்கூடு சிக்னலை அமுக்கும். எனவே ஜன்னலோரம் இருப்பவர் கையில் செட் இருக்கட்டும். டிரைவர் கையில் வேண்டாம். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசும் தகவல்தொடர்புக் கருவிகளை ஆபத்தான ஓட்டுதல் கணக்கில் சேர்க்கிறது. செல்போன் என்று மட்டும் அங்கே சொல்லவில்லை.

சாரல் காலத்தில் நனையாத பொருள் குற்றாலத்தில் கிடையாது. ஐபி67 என்றிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். ஐபி54 தெறிப்புக்கு மட்டும். அப்புறம், 'பிரைவசி கோட்' என்று பெட்டியில் இருப்பதை நம்பி ரகசியம் பேசாதீங்க. அது மற்றவர் பேச்சு உங்களுக்குக் கேட்காமல் தடுக்குமே தவிர, உங்கள் பேச்சை மற்றவர் கேட்பதைத் தடுக்காது.

தோட்டம் பெரிது, மலைக்கு இரு பக்கமும் ஆள் இருக்கிறார்கள் என்றால் முறைப்படி அலைவரிசை வாங்கி, உயரத்தில் ரிப்பீட்டர் வைப்பதுதான் தீர்வு. தொலைத்தொடர்புத் துறையின் 'சரல் சஞ்சார்' தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். (இந்தியில் சரல் என்றால் எளிது. நம்ம ஊர்ச் சாரல் அளவுக்கு அது எளிதல்ல.)

தனி ஆர்வமுள்ளவர்களுக்கு ஹாம் ரேடியோ இருக்கிறது. 12 வயது முடிந்த யாரும் தேர்வு எழுதலாம். 'ரெஸ்ட்ரிக்டட்' கிரேடுக்கு மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை. பாஸானால் 144-146 மெகாஹெர்ட்ஸில் அந்த 5 வாட் செட்டைச் சட்டப்படியே பயன்படுத்தலாம். ஆனால் தொழிலுக்குக் கூடாது: ஜீப் சவாரி புக்கிங்கோ தேங்காய் லோடு விவரமோ அதில் பேச முடியாது. 2004 சுனாமியின்போது ஹாம் பயணமாகப் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவும்தான் அந்தமானிலிருந்து வெளியுலகுக்குத் தகவல் அனுப்பினார்கள். தென்காசியில் அப்படி ஒரு சிறு ஹாம் வட்டம் இருந்தால், அடுத்த டிசம்பர் மழைக்கு அது உதவும்.

மேலிருந்து கீழே

மறுபடி அந்த மே 17-க்கு வருவோம். சுற்றுலா வந்தவர்கள் கையில் செட் இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. தகவல் தெரிய வேண்டியது மேலே இருப்பவருக்கு. வால்பாறையில் யானை நடமாட்டத்தை எஸ்எம்எஸ்ஸும் சிவப்பு விளக்கும் வைத்து முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு பல வருடங்களாக ஓடுகிறது. அதற்கு மொபைல் சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாத ஓடைகளில், உரிமம் தேவையில்லாத 865-867 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 'லோரா' சென்சார்கள் நீர்மட்டத்தை அனுப்ப முடியும். பேச்சு போகாது, எண்கள் போகும்.

அதுவரை மனிதக் கண்தான். மலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள்தான் ஓடை கலங்கி ஏறுவதை முதலில் பார்ப்பார்கள். அவர்கள் வைத்திருக்கக்கூடிய 446 செட்டும் போலீஸின் வயர்லெஸ்ஸும் ஒன்றோடொன்று பேசாது. அருவிக்கரைக் காவல் பூத்தில் 446 செட் ஒன்றை ஒரு குறிப்பிட்ட சேனலில் எப்போதும் ஆன் செய்து வைப்பது, மலை மறைக்கும் இடத்தில் செய்தியை வாங்கி அடுத்தவருக்குச் சொல்ல நடுவில் ஓர் ஆளை நிறுத்துவது, அந்தச் சேனல் எண்ணைத் தோட்டங்களுக்கும் ஜீப் ஸ்டாண்டுக்கும் சொல்லிவிடுவது: அடுத்த சீசனுக்குள் செய்யக்கூடிய வேலை இது. இதற்குப் புதிதாக உரிமம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.