விசில் எண்ணத் தெரியாத காவல்காரன்

போன மாதம் மகன் ஒரு கருவி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். குக்கர் விசிலைக் கேட்டு எண்ணுமாம். சொன்ன கணக்கு வந்ததும் அடுப்பை அணைத்துவிடுமாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு நல்லதுதானே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

முதல் வாரம் அரிசியும் பருப்பும் 3 விசிலில் பதமாக இறங்கியது. அடுத்த வாரம் கொள்ளு வைத்து 6 விசில் என்று அமைத்தோம். பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. விசில் வந்துகொண்டே இருக்க, கருவியின் எண் 2-லேயே நின்றுவிட்டது. "ஏனுங்க, தீயற வாசம் வருதுங்க!" என்று வீட்டுக்காரி கூப்பிட்ட பிறகுதான் ஓடிப்போய் அணைத்தேன்.

விற்றவர்களுக்குப் போன் செய்தால், "உங்க கிச்சன்ல சத்தம் அதிகம் சார்" என்கிறார்கள். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய கோயமுத்தூரில் சத்தமில்லாத சமையலறைக்கு எங்கே போவது?

பென்சிலும் காகிதமும் எடுத்து நானே சோதித்தேன். எல்லாவற்றையும் நிறுத்தினால் 5-க்கு 5 எண்ணியது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் ஒன்று குறைந்தது. கிரைண்டர் ஓடினால் பாதிதான். மிக்ஸியைப் போட்டால் இல்லாத விசிலையும் சேர்த்து எண்ணியது. மைக் துளையில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் காய்ந்த பிரஷால் துடைத்ததும் கொஞ்சம் தேறியது. காரணம் எளிது. விசில் என்பது ஒரே சுருதியில் வரும் நாதம் அல்ல, நீராவியின் சீறல். மிக்ஸியும் இரைச்சல்தான். வெய்ட் சரியாக உட்காராமல் ஆவி விடாமல் சீறினால், எண்ணுவதற்குத் தனித்தனி விசிலே இருக்காது.

காது மந்தமாக இருப்பதைக்கூட மன்னிக்கலாம். காது கேட்காதபோது அது என்ன செய்கிறது என்பதுதான் என் வழக்கு. எதுவும் கேட்கவில்லை என்றால் அடுப்பை எரியவே விடுகிறது. காவலுக்கு இது அழகா?

பழைய கருவிகளைப் பாருங்கள். சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் அடுப்பில், சுடரின் சூட்டில் பிறக்கும் துளி மின்சாரம்தான் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. சுடர் போனால் மின்சாரம் போகும், வால்வு தானே மூடிக்கொள்ளும். அந்தக் கம்பி பழுதானாலும் மூடத்தான் செய்யும். குக்கர் மூடியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு, சூடு மிஞ்சினால் உருகி ஆவியை வெளியே விடுகிறது. இரண்டுக்கும் காது தேவையில்லை. கெட்டாலும் நம் பக்கம் சாயும்படி ஒருவர் யோசித்துச் செய்திருக்கிறார்.

ஆகவே செய்பவர்களே, இரண்டே கோரிக்கை. விசில் கணக்கு எப்படிப் போனாலும், இத்தனை நிமிடத்துக்கு மேல் அடுப்பு எரியாது என்று ஒரு உச்சவரம்பு வையுங்கள். கிரைண்டரும் மிக்ஸியும் ஓடும் சமையலறையில் சோதித்துவிட்டு, அதன் முடிவை அட்டைப்பெட்டியிலேயே அச்சடியுங்கள். அதுவரை "பாதுகாப்பு" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். "விசில் எண்ணி" என்று விற்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் கொள்ளு வேகும்போது கிரைண்டர் ஓடுவதில்லை. என் செல்போனில் அலாரம் அடிக்கும். கருவியும் மேடையில்தான் இருக்கிறது, உதவியாளாக.