எல்லைக்கோட்டில் நிற்பவர்கள்

விளையாடுபவரைப் புகழ்கிறோம், பயிற்றுவிப்பவரைப் போற்றுகிறோம், கோப்பை வழங்கியவரின் பெயரைப் பலகையில் எழுதி வைக்கிறோம். ஆட்டம் முடியும்வரை எல்லைக்கோட்டின் அருகே நின்று பார்த்தவரைப் பற்றி மட்டும் எதுவும் சொல்வதில்லை. வேடிக்கை பார்ப்பதை ஒரு செயலாகவே நாம் மதிப்பதில்லை. “சும்மா பார்த்துவிட்டு வந்தேன்” என்று நாம் சொல்லும் முறையே இதனைக் காட்டும். ஆனால், ஓர் ஊரின் விளையாட்டுத் திடலை உயிரோடு வைத்திருப்பவர்களுள் பார்வையாளருக்கு முதன்மையான இடம் உண்டு. வார இறுதியில் ஊர்த் திடலுக்கும் கடற்கரைக்கும் செல்வது பொழுதைக் கழிக்கும் வழி மட்டுமன்று. ஊருக்குப் பொதுவான இடத்தைப் பொதுவாகவே நிலைநிறுத்தும் கடமையும் ஆகும். இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து இதுவே.

நெய்தலின் ஓய்வு நாள்

திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி வரை தமிழ்நாட்டின் 14 மாவட்டங்கள் கடலைத் தொட்டு அமைந்துள்ளன. இக்கரையில் உழைப்புக்கும் ஓய்வுக்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடல்மேல் செல்லாமல் உண்டு ஆடி மகிழ்ந்த ஒரு விடுமுறை நாளைக் காட்டுகிறது. முதிய மரத்தடியில், மணல் மேட்டில் சுற்றத்தார் கூடியிருக்க வீரர்கள் மோதி விளையாடிய காட்சியும் அந்நூலில் உண்டு. அக்காட்சியில் வீரர்கள் மட்டும் இல்லை. அவர்களைச் சூழ்ந்து நின்ற கூட்டமும் இருக்கிறது. கூட்டம் இல்லாத இடத்தில் அம்மோதல் இருவருக்கு இடையிலான சண்டையாகவே முடிந்திருக்கும். சுற்றி நின்றவர்களே அதனை விளையாட்டு ஆக்கினர்.

இன்றும் அம்மரபு தொடர்கிறது. மீன்வளம் பெருகுவதற்காகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. அந்நாள்களில் படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படுகின்றன, வலைகள் பின்னப்படுகின்றன, மாலையில் திடல்கள் நிரம்புகின்றன. கபடி, கைப்பந்து, எழுவர் கால்பந்து எனப் போட்டிகள் நடக்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டியை ஒட்டிய ஊர்களில் பாய்மரப் படகுப் போட்டியைக் காண மக்கள் கரையில் திரள்கின்றனர். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கில் தேர்ந்துள்ளனர். 2025 ஆகஸ்டு மாதம் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடைபெற்றது.

திடலைக் காப்பவர் யார்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை முதலிய ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்ற இவ்வூர்கள் கால்பந்துக்கும் பெயர்பெற்றவை. இந்திய அணிக்காக ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர். இத்தகைய ஆட்டக்காரர் ஒருவர் உருவாவதற்குப் பந்தும் பயிற்சியும் மட்டும் போதா. அவர் சிறுவராக இருந்தபோது ஆடியதைப் பார்த்து, “இன்னும் ஆடு” என்று சொன்ன ஓர் ஊரும் வேண்டும். பத்து வயதுச் சிறுவனுக்கு முதல் பரிசு கோப்பையன்று. தன் ஆட்டத்தைக் காணத் தன் தெருவினர் வந்து நிற்கிறார்கள் என்னும் அறிவே ஆகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடற்கரை ஊர்களில் வெற்றிடம் என்பது நீண்ட நாள் வெற்றிடமாக இருப்பதில்லை. ஆள் நடமாட்டம் குறைந்த திடலில் முதலில் குப்பை சேரும். பிறகு பழைய மரக்கலங்களும் உடைந்த வண்டிகளும் வந்து நிற்கும். இறுதியில் ஒரு வேலி எழும். வேலி எழும்போது தடுத்துக் கேட்பவர் யார்? அங்கு ஆடியவரும் ஆட்டம் பார்த்தவருமே கேட்பர். இருபது ஆட்டக்காரர்கள் கேட்டால் அது வேண்டுகோள். இரண்டாயிரம் பார்வையாளர் கேட்டால் அது ஊரின் குரல். ஆகவே, திடலின் உரிமை ஆவணத்தில் மட்டும் இல்லை; அங்கு வழக்கமாக வந்து போகும் கால்தடங்களிலும் இருக்கிறது.

திரையும் திடலும்

“வீட்டிலிருந்தபடியே உலகக் கோப்பையைப் பார்க்கலாம், உள்ளூர் ஆட்டத்தை ஏன் வெயிலில் நின்று பார்க்க வேண்டும்?” என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானது. திரையில் ஆட்டத்தின் தரம் உயர்ந்தது. ஒரே காட்சியைப் பல கோணங்களில் திரும்பத் திரும்பக் காணலாம். ஆயினும், திரை நமக்காகத் தேர்ந்தெடுத்ததையே நாம் பார்க்கிறோம். பெரும்பாலும் ஒளிப்படக்கருவி பந்தைத் தொடரும். திடலில் நிற்பவரோ பந்து இல்லாத இடத்தையும் பார்க்கிறார். பந்து வருவதற்கு முன்பே வெற்றிடத்தை நோக்கி ஓடும் வீரர், தன் அணி தாக்கும்போதும் நான்கடி முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும் இலக்குக் காவலர், தவறிய தோழனின் தோளைத் தட்டிச் செல்லும் தலைவர் ஆகியோர் அவர் கண்ணில் படுகின்றனர். பாய்மரப் படகுப் போட்டியில் காற்றின் திசை மாறுவதை முதலில் உணர்ந்து பாயைத் திருப்பும் கைகளின் திறமையைக் கரையில் நின்று காற்றைத் தன் முகத்தில் உணர்பவரே முழுமையாக அறிவார். எதைப் பார்ப்பது என்று தாமே முடிவு செய்யும் பயிற்சி திடலில் கிடைக்கிறது. கற்கும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறென்ன இருக்க முடியும்?

மேலும், திரையில் காணும் வீரர் நம்மை அறியார். உள்ளூர் வீரரோ நாளைக் காலையில் பேருந்து நிறுத்தத்தில் நம் அருகில் நிற்பவர். அவர் தோற்ற மறுநாளும் அவரோடு பேச வேண்டும். எனவே, உள்ளூர்ப் போட்டியில் நாம் எழுப்பும் ஒவ்வொரு குரலுக்கும் நாமே பொறுப்பேற்க வேண்டியவர்களாகிறோம்.

பார்ப்பதற்கும் ஒழுக்கம் உண்டு

பார்வையாளர் கூட்டம் எப்போதும் நன்மையே செய்யும் என்று கூறுவதற்கில்லை. ஊர்ப்பெருமையும் சாதிப்பெருமையும் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்த திடல்களும் உண்டு. நடுவரின் ஒரு தீர்ப்பில் தொடங்கும் கூச்சல் கைகலப்பாகிறது, கைகலப்பு வழக்காகிறது, அடுத்த ஆண்டு போட்டிக்கு இசைவு கிடைப்பதில்லை. சில நிமிடச் சினத்துக்கு ஒரு தலைமுறைச் சிறுவர்கள் விலை கொடுக்கின்றனர்.

இதற்கு மாற்றான சான்றும் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. 1999 ஜனவரி 31 அன்று, மெரினாவை அடுத்த சேப்பாக்கம் விளையாட்டரங்கில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய டெஸ்ட் போட்டி முடிவுக்கு வந்தது. சச்சின் தெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும், இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. வெற்றி கைக்கெட்டும் தொலைவில் வந்து நழுவியது. அரங்கில் இருந்தோர் நெஞ்சம் உடைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வென்ற அணியினர் அரங்கை வலம் வந்தபோது அவர்கள் எழுந்து நின்று கைதட்டினர். அன்று இந்திய அணிக்குக் கிடைக்காத வெற்றி சென்னைப் பார்வையாளருக்குக் கிடைத்தது. இன்றும் அப்போட்டியைப் பற்றிப் பேசுவோர் ஓட்டக் கணக்கோடு அக்கைதட்டலையும் சேர்த்தே பேசுகின்றனர். பார்வையாளர் செயலற்றவர் என்னும் கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்புத் தேவையில்லை.

யார் வரவில்லை?

திடலில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது, அங்கு யார் இருக்கிறார்கள் என்பதோடு யார் இல்லை என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலான உள்ளூர்ப் போட்டிகளில் பெண்கள் மிகக் குறைவு. விளையாட்டில் அவர்களுக்கு விருப்பமில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. ஆனால் உண்மை அதுவன்று. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் கால்பந்து அணியில் ஆடியவர். 2018ஆம் ஆண்டு தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூரை வென்று, தமிழ்நாடு முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. அவ்வணியிலும் அவர் இடம்பெற்றிருந்தார். கடற்கரை ஊர்ப் பெண்களுக்கு ஆர்வமும் ஆற்றலும் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின் தடை எது? ஆட்டம் இரவில் முடிகிறது, திரும்பும் தெருவில் விளக்கில்லை, திடலருகே கழிப்பறை இல்லை, அமர இடமில்லை. வந்தால், “உனக்கு இங்கென்ன வேலை?” என்னும் பார்வை. தடைகள் இவையே. இவற்றுள் பெரும்பாலானவை பெருஞ்செலவின்றி நீக்கத்தக்கவை. இறுதி ஆட்டத்தை மாலை நான்கு மணிக்குத் தொடங்கலாம். மகளிர் ஆட்டம் ஒன்றையேனும் நிகழ்ச்சியில் சேர்க்கலாம். அண்ணனோடு தங்கையும் வரலாம். பார்க்க வரும் சிறுமிதான் பின்னர் ஆட வருவாள். எல்லைக்கோட்டில் நிற்க இடமில்லாத ஒருத்தி, கோட்டைத் தாண்டி ஆடுகளத்துக்குள் வருவது எளிதன்று.

கடற்கரைக்குச் செல்லும் விருந்தினர்

ஆட்டம் இல்லாத வார இறுதிகளில் குடும்பத்தோடும் நண்பரோடும் கடற்கரைக்குச் செல்கிறோம். திடலுக்குப் பொருந்தும் அறம் இங்கும் பொருந்தும். நாம் காற்று வாங்கும் மணற்பரப்பு, ஒரு குடும்பம் வலை உலர்த்தும் முற்றம்; கருவாடு காய வைக்கும் களம். அங்கு நாம் விருந்தினர். பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டுக்குள் படகில் செல்வோரும், கோடியக்கரையில் வெளிமானையும் பூநாரையையும் காணச் செல்வோரும் இதை நினைவிற்கொள்ள வேண்டும். அங்கு நாம் விட்டுவரும் ஒரு நெகிழிப்பை, நம் விடுமுறை முடிந்த பிறகும் பல ஆண்டுகள் அங்கேயே தங்கும்.

பார்க்கச் செல்வது எவ்வாறு பாதுகாப்பாக மாறும் என்பதற்குச் சென்னைக் கடற்கரை நல்லதோர் எடுத்துக்காட்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள், கடலின் மேல் தெரியும் மெல்லிய ஒளியை நோக்கிச் செல்லும் இயல்புடையவை. சாலை விளக்குகளின் ஒளியால் அவை திசைமாறி ஊருக்குள் சென்று மடிகின்றன. இதனைத் தடுக்க 1988ஆம் ஆண்டு முதல் மாணவர் குழுவினர் இரவில் கரை நெடுக நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் அவர்களோடு நடக்கின்றனர். இதுவும் ஓர் உலாதான். ஆனால் கரைக்குப் பயன் தரும் உலா.

கடல் அச்சத்துக்கும் உரியது. அலைகள் உடையும் இடங்களுக்கு நடுவே அமைதியாகத் தோன்றும் நீர்ப்பகுதியைக் கண்டு, அதுவே குளிக்கத் தகுந்த இடம் என்று பலர் ஏமாறுகின்றனர். கரையில் மோதிய நீர் கடலுக்குத் திரும்பும் வழியாக அது இருக்கக்கூடும். அதில் இறங்கியவரை நீரோட்டம் உள்ளே இழுக்கும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் களைப்பே மிஞ்சும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்நீரோட்டத்திலிருந்து விலகிய பிறகே கரை திரும்ப வேண்டும். இவற்றை அந்தந்தக் கரையின் மீனவர் நன்கறிவர். நீரில் இறங்குமுன் அவர்களிடம், “ஐயா, இங்கே இறங்கலாமா?” என்று ஒரு சொல் கேட்பது நாணத்தக்க செயலன்று. அவர்கள் ‘வேண்டாம்’ என்றால் இறங்காதிருப்பதே அறிவு.

நேரம் எங்கே?

மேல்நிலை வகுப்பு மாணவருக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று பெற்றோர் கேட்கலாம். பாடச்சுமை உண்மை, தேர்வும் உண்மை. வாரந்தோறும் திடலில் இருக்க வேண்டும் என்று இக்கட்டுரை கூறவில்லை. மாதத்தில் ஒருமுறை, ஒரு மாலையில், இரண்டு மணி நேரம் போதும். கைப்பேசித் திரையில் நாம் அறியாமலேயே செலவிடும் நேரத்தில் அது ஒரு சிறு பகுதி. செலவும் பெரிதன்று, உள்ளூர்ப் போட்டிகள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. அவை கேட்பது நம் வருகையை மட்டுமே.

ஆகவே, அடுத்த போட்டியின் சுவரொட்டியைக் கண்டால் நின்று நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வர விரும்புபவர் யாரென்று கேட்டு அழைத்துச் செல்லுங்கள். தம் அணி தோற்கிறது என்று பாதியில் எழுந்து போகாமல், இறுதி ஊதல் வரை இருங்கள். வென்றவருக்கும் தோற்றவருக்கும் கைதட்டுங்கள். கொண்டுசென்ற தண்ணீர்ப் புட்டியை வீட்டுக்கே எடுத்து வாருங்கள்.

கடற்கரைத் திடலில் சுண்ணாம்புத் தூளால் இடும் எல்லைக்கோடு ஒரு நாள் காற்றுக்குத் தாங்காது. ஒவ்வொரு போட்டிக்கும் அதைப் புதிதாக இட வேண்டும். பார்க்க ஆள் வருவார்கள் என்னும் நம்பிக்கை இருக்கும்வரை, அக்கோட்டை இடுவதற்கு யாரேனும் ஒருவர் அதிகாலையில் எழுந்து வந்துகொண்டே இருப்பார்.