தலைத்துணி யாருக்காக?

முண்டனம் என்பது வட இந்தியாவில் குழந்தைக்குச் செய்யப்படும் மங்கலச் சடங்கு. அதே வடமொழி வேரிலிருந்து தமிழுக்கு வந்த 'முண்டை' என்னும் சொல்லோ கைம்பெண்ணைக் குறித்து, பின்னர் வசையாகவே நிலைத்துவிட்டது. மழித்த தலை குழந்தைக்கு வாழ்த்தாகவும் பெண்ணுக்கு இழிவாகவும் பொருள்பட்ட வரலாறு இவ்விரு சொற்களிலும் பதிந்துள்ளது. 1890ஆம் ஆண்டு பம்பாயில் முடிதிருத்துநர்கள் ஒன்றுகூடி, கைம்பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என முடிவெடுத்தனர். அவ்வழக்கம் இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆயினும் முடியற்ற பெண்ணைக் காணும் பார்வையில் அதன் எச்சம் தொடர்கிறது.

கீமோதெரபி பெறும் பெண்கள் அந்தப் பார்வையை நோயோடு சேர்த்தே எதிர்கொள்கின்றனர். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாக்சோருபிசின், பேக்லிடாக்சல் முதலிய மருந்துகள் விரைந்து பெருகும் செல்களைத் தாக்குபவை. ஆதலால் மயிர்க்கால்களும் பாதிப்புறுகின்றன. முதல் தவணை முடிந்த இரண்டு, மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்கும். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலோர்க்கு மீண்டும் வளரும். இடைப்பட்ட மாதங்களில் தலையில் எதை அணிவது என்பதே கேள்வி.

பல குடும்பங்கள் முதலில் நாடுவது விக். அதில் அன்பு உண்டு, ஐயமில்லை. ஆனால் "பார்த்தால் யாருக்கும் தெரியாது" என்னும் உறுதிமொழி காண்போரின் வசதியைப் பற்றியது. அணிபவரின் வசதி வேறு. கோடைப் புழுக்கத்தில் விக்கின் அடியில் வியர்வை தேங்கும். செயற்கை இழையாயின் அடுப்பின் வெப்பத்திலேயே கருகிச் சுருளும். மனித முடியாலான விக் பல குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருக்கிறது. திருமலையில் காணிக்கையாகும் முடி ஏலம் போகும் நாட்டில், மனித முடியைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாட்டில், நிலைமை இதுதான்.

முடி உதிர்ந்த தலையின் தோல் மென்மையானது. சிலருக்குத் தொட்டாலே வலிக்கும். எனவே தேர்வு அத்தோலிலிருந்து தொடங்க வேண்டும். மல்மல் போன்ற மெல்லிய பருத்தி வியர்வையை உறிஞ்சும். பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்திச் சேலையும் அவ்வாறே. பட்டும் பாலியஸ்டரும் வழுக்கும். அவற்றை விரும்புவோர் அடியில் மெல்லிய பருத்திக் குல்லாய் அணிந்தால் துணி நழுவாது. தடித்த தையலும் இறுக்கமான எலாஸ்டிக்கும் நெற்றியில் உராய்ந்து புண்ணாக்கும். சுமார் ஒரு மீட்டர் சதுரத் துணியை முக்கோணமாக மடித்தால் தலையைச் சுற்றிக் கட்டப் போதுமானது. புதுத்துணியைச் சாயம் போகத் துவைத்த பின்னரே அணிய வேண்டும். இரவில் தலை குளிரும் என்பதால் உறங்குவதற்கெனத் தனியே ஒரு மென்குல்லாய் தேவை. வெயிலிலோ மூடாத தலை எளிதில் கன்றிவிடும்.

விக்கை விரும்பித் தேர்பவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. நோயை வெளியே சொல்ல விரும்பாதிருத்தலும் ஓர் உரிமையே. அலோபீசியா அரேட்டா உள்ளவருக்கு முடி எப்போது வளரும், மீண்டும் எப்போது கொட்டும் என முன்கூட்டிக் கூற இயலாது. பல ஆண்டுகளுக்கான அவரது தேர்வு, சில மாதங்களுக்கான தேர்விலிருந்து வேறுபடலாம். ஒரே பெண் வகுப்பறைக்கு விக்கும் விடுதி அறையில் வெறுந்தலையும் விரும்பலாம். எதுவாயினும் முடிவு அவருடையதாக இருத்தல் வேண்டும்.

இதில் பல்கலைக்கழகங்களுக்கும் பொறுப்புண்டு. தேர்வறை வாயிலில், அடையாள அட்டைக்குப் படமெடுக்கும் இடத்தில், வாய்மொழித் தேர்வு அவையில் தலைத்துணி அணிந்த மாணவியிடம் பலர் முன்னிலையில் காரணம் கேட்பது சிகிச்சையின் துயரத்தை இரட்டிப்பாக்கும். மருத்துவச் சான்றை ஒருமுறை அலுவலகத்தில் பெற்றுக்கொண்டு, தேர்வறைச் சோதனை தேவைப்படின் பெண் கண்காணிப்பாளர் தனியறையில் செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். வகுப்புத் தோழர்கள் செய்யக்கூடியது அதனினும் எளிது: துணியைப் பற்றிக் கேளாமல், அவர் தவறவிட்ட பாடக்குறிப்புகளைத் தருவது.