சம்பள நாளில் தொடங்கட்டும் சிக்கனம்!

முதல் வாரம் கோழிக் குழம்பு. கடைசி வாரம் கைமாற்று!

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஆலை வேலையை நம்பி வாழும் பல குடும்பங்களின் கதை இதுதான். சம்பளம் குறைவு என்பது ஒரு காரணம். அதை மறுப்பதற்கு இல்லை. ஆனால், சம்பளம் கூடிய பிறகும் அதே கடன் தொடர்கிறதே, ஏன்?

அரை நூற்றாண்டுக்கு முன் ஓசூர் ஒரு சிறிய ஊர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று அடுத்தடுத்து ஆலைகள் எழுந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஒலிக்கும் இந்த எல்லைப் பகுதிக்கு, பல மாவட்டங்களில் இருந்து ஆட்கள் வேலை தேடி வந்தார்கள்.

வாழ்க்கை மாறியது. கிராமத்தில் அறுவடை முடிந்ததும் கேழ்வரகு குதிருக்குப் போகும். புளி பானைக்குப் போகும். ஆண்டு முழுவதும் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. ஆலைத் தொழிலாளியின் வீட்டில் குதிர் இல்லை. உப்பில் இருந்து கறிவேப்பிலை வரை எல்லாம் கடையில்தான் வாங்க வேண்டும். வாடகையும் கொடுக்க வேண்டும். எனவே, அன்று தானியத்தைச் சேமித்தது போல, இன்று பணத்தைச் சேமிக்க வேண்டும். குதிர் போன இடத்தில் சேமிப்புப் புத்தகம் வரவேண்டும். பல வீடுகளில் அது இன்னும் வரவில்லை.

மீதியை நம்பலாமா?

"செலவு போக மீதி இருந்தால் சேமிக்கலாம்" என்று பலரும் நினைக்கிறார்கள். மீதி என்பது ஒரு நாளும் இருக்காது! கையில் பணம் இருந்தால் செலவு தானே வந்து சேரும்.

சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையை ஒதுக்கிவிட வேண்டும். மிச்சத்தில்தான் குடும்பம் நடக்க வேண்டும்.

தபால் நிலையத்தில் மாதா மாதம் கட்டும் ஐந்து ஆண்டுச் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. மாதம் 100 ரூபாய் இருந்தாலே அதில் சேரலாம். மாதம் 500 ரூபாய் கட்டினால் ஐந்து ஆண்டில் அசல் மட்டும் 30,000 ரூபாய். அதற்கு மேல் வட்டியும் உண்டு.

இதற்கு எதிர்ப்புறம் என்ன இருக்கிறது? ஐந்து வட்டிக் கடன்! நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி. 10,000 ரூபாய் கடன் வாங்கியவர் மாதம் 500 ரூபாய் வட்டி கட்டுகிறார். ஆண்டுக்கு 6,000 ரூபாய் போகிறது. அசல் அப்படியே நிற்கிறது. அதே 500 ரூபாய்தான்! ஒரு வீட்டில் அது சேமிப்பாக வளர்கிறது. இன்னொரு வீட்டில் வட்டியாகக் கரைகிறது.

இந்த மண் காட்டிய வழி

ஏழைகளால் சேமிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்த வட்டாரமே பதில் சொல்லி இருக்கிறது.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களை அரசு முதன் முதலில் தொடங்கியது 1989-ம் ஆண்டில். தொடங்கிய இடம் தர்மபுரி மாவட்டம். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அப்போது அதற்குள்தான் இருந்தது. 2004-ல்தான் தனி மாவட்டம் ஆனது. ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அந்தத் திட்டம் நடந்தது.

குழுவின் வேலை முறை மிக எளிது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒன்று சேர்வார்கள். ஆளுக்கு ஒரு சிறு தொகை போடுவார்கள். நோட்டில் எழுதுவார்கள். யார் வீட்டிலாவது காய்ச்சல், பள்ளிக் கட்டணம் என்று அவசரம் வந்தால், அந்தப் பணத்தில் இருந்து கடன் கொடுப்பார்கள். அதன் வட்டியும் குழுவுக்கே திரும்பி வரும்.

காடு மேட்டில் கூலி வேலை செய்த பெண்கள் அவர்கள். கையெழுத்துப் போடவே குழுவில் கற்றுக் கொண்டவர்கள் பலர். 1992-ல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையை நாட்டில் 500 குழுக்களோடு தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழக அரசு இதை மேலும் விரிவாக்கியது.

பணம் கொட்டியதால் அந்தக் குழுக்கள் வளரவில்லை. குறித்த நாளில், குறித்த தொகையை, எழுதி வைத்துப் போட்டார்கள். அந்த ஒழுங்குதான் அவற்றை வளர்த்தது.

சந்தையைப் படியுங்கள்

இந்தப் பகுதியில் தக்காளி கொள்ளையாக விளைகிறது. விலை விழுந்தால் பறித்த கூலிக்கும் கட்டாமல் விவசாயி சாலையில் கொட்டுகிறார். விலை ஏறினால் பிடிக்க முடியாது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவில் இருக்கும்.

மலிவான நாளில் வாங்கித் தொக்கு கிளறி வைத்தவர்களுக்கு அந்த மாதம் கவலை இல்லை. மாங்காய் வரும்போது வற்றலும் ஊறுகாயும் போடலாம். புளி உலுக்கும் காலத்தில் ஆண்டுக்கு வேண்டிய புளியை வாங்கி, உப்புச் சேர்த்து, பானையில் அடைத்து வைக்கலாம். காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது. அங்கே அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். பேரம் பேசி ஏமாற வேண்டியது இல்லை.

கேழ்வரகை ஏழையின் உணவு என்று ஒதுக்குவது அறியாமை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அது மிக மிகக் குறைவு. களியும் கீரைக் குழம்பும் பணத்தையும் மிச்சப்படுத்தும், எலும்பையும் காக்கும்.

கடையில் இன்னொரு கவனம் வேண்டும். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பி விடக்கூடாது. ஷாம்பு போன்ற சில பொருள்கள் சிறிய பாக்கெட்டிலேயே மலிவாக விழுவது உண்டு. ஒரு கிராமுக்கு என்ன விலை, ஒரு மில்லி லிட்டருக்கு என்ன விலை என்று இப்போது பல பாக்கெட்டுகளில் அச்சிட்டு இருக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையை அதைப் படிக்கச் சொல்லுங்கள். அதுவும் ஒரு கணக்குப் பாடம்தான்!

ஓடும் மீட்டர்

பழைய மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். சுமார் 30 வாட்டில் ஓடும் புது வகை விசிறி அதே வேலையை 18 யூனிட்டில் முடிக்கும். பழையது பழுதாகி மாற்றும்போது இதை நினைவில் வைத்தால் போதும்.

2016-ல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு அறிவித்தது. 2022-ல் வந்த கட்டண முறையில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அல்லாமல் அதற்கு முந்திய யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் விலை ஏறியது. எனவே, மாத நடுவில் ஒரு முறை மீட்டரைப் பார்ப்பது நல்லது. பில் வந்த பிறகு வருந்திப் பயன் இல்லை.

அடுப்படியிலும் அப்படித்தான். பருப்பையும் பயறையும் முன்னதாக ஊற வைக்க வேண்டும். காய் நறுக்கி முடித்த பிறகு அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். கொதி வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். சிலிண்டர் சில நாள் கூட வரும்.

எல்லை தாண்டும் ஆசை

பக்கத்து மாநிலத்தில் பெட்ரோல் இரண்டு ரூபாய் குறைவு என்று ஒருவர் கேள்விப்படுகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஓசூரில் இருந்து அத்திப்பள்ளிக்கு வண்டியை விடுகிறார். ஐந்து லிட்டர் போட்டால் மிச்சம் பத்து ரூபாய். போக வர சுமார் 15 கிலோமீட்டர். அதற்கு எரிந்த பெட்ரோல் முப்பது ரூபாய்! போன இடத்தில் டீயும் வடையும் தனி.

இது சிக்கனம் அல்ல. சிக்கனத்தின் வேஷம். தள்ளுபடி விற்பனையில் தேவை இல்லாததை வாங்குவதும் இதே வேஷம்தான்.

யார் வயிற்றில் சிக்கனம்?

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் சிக்கனம் செய்வது யார்?

பெரும்பாலும் பெண்தான். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டி இருப்பதை அவள் சாப்பிடுகிறாள். முட்டை அவர்களுக்கு. குழம்பு அவளுக்கு. இதைத் தியாகம் என்று ஊர் புகழ்கிறது.

புகழ வேண்டிய விஷயமா இது? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தச் சோகை இருக்கிறது. இன்று ஆலைகளில் ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்கள் பலர். வேலை முடித்து வந்து அடுப்படியிலும் நிற்கும் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? சாப்பாட்டில் மிச்சம் பிடித்த பணம் பின்னர் ஆஸ்பத்திரிக்குப் போகும். இது சேமிப்பா?

ஆணின் சட்டைப் பையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். டீ, பஜ்ஜி, சிகரெட் என்று நாளுக்கு 40 ரூபாய் போகிறது என்று வைத்துக் கொண்டால், 26 வேலை நாளில் 1,040 ரூபாய். மதுக்கடைச் செலவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதில் பாதியை நிறுத்தினாலே மேலே சொன்ன தபால் நிலையச் சேமிப்புக்குப் பணம் கிடைத்துவிடும். யாருடைய பாலையும் முட்டையையும் குறைக்க வேண்டியது இல்லை.

ஆகவே, குடும்பக் கணக்கு நோட்டில் மனைவியின் செலவு மட்டும் எழுதினால் போதாது. கணவனின் செலவும் எழுதப்பட வேண்டும். மாதத்துக்கு ஒரு நாள், பிள்ளைகளையும் உட்கார வைத்து அதைப் படிக்க வேண்டும். எங்கே ஓட்டை என்று அப்போது எல்லோருக்கும் தெரியும்.

ஒப்பந்த வேலை இன்று இருக்கும், நாளை இருக்காது. ஆர்டர் குறைந்தால் ஆலை ஆளைக் குறைக்கும். அந்த நாளில் கைகொடுக்க மூன்று மாதச் செலவுக்காவது பணம் வேண்டும். அதைச் சேர்ப்பது வீட்டில் உள்ள எல்லோருடைய வேலை. நோட்டு ஒன்றும் பேனா ஒன்றும் வாங்கச் சில ரூபாய்தான் ஆகும். அடுத்த சம்பள நாளில் செய்யும் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்!