கணக்கில் வராத பழங்குடிகள்

2020 ஜூலையில் பிரேசில் அதிபர் மாளிகையில் ஒரு செய்தியாளர் சந்திப்பு. கொரோனா எவ்வளவு பரவியிருக்கிறது என்று நாடு முழுக்க ரத்தம் சோதித்த ஆய்வின் முடிவுகளை விளக்க வந்திருந்தார், அதற்குத் தலைமை தாங்கிய பெலோட்டாஸ் பல்கலைக்கழகத் தொற்றுநோயியலர் பெட்ரோ ஹல்லால். கூட்டம் தொடங்கவிருந்த நேரத்தில், ஒரு ஸ்லைடை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள் என்று பின்னர் லான்செட் இதழில் அவரே எழுதினார். வெள்ளையரைவிடப் பழங்குடியினரிடம் தொற்று ஐந்து மடங்கு அதிகம் என்று காட்டிய ஸ்லைடு அது.

133 நகரங்களில் வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நடந்த ஆய்வு. ஜூன் தொடக்கச் சுற்றில் மட்டும் 31,165 பேர். தொற்று வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வெள்ளையரில் 1.4%, பழங்குடியினரில் 6.4%. 'நீங்கள் எந்த இனம்?' என்ற கேள்விக்கு அவரவரே பதில் சொன்னார்கள். மருத்துவமனைப் படிவத்திலும் இனத்துக்கு ஒரு கட்டம் உண்டு. ஆனால், அதைப் பல நேரங்களில் எழுத்தரே நிரப்புகிறார்: முகத்தைப் பார்த்து 'கலப்பினம்' என்று ஒரு டிக், இல்லையென்றால் வெறுமனே விட்டுவிடுகிறார்.

இந்த 6.4% நகரத்துப் பழங்குடியினரின் எண். காட்டுக்குள் இருக்கும் ஊர்களுக்கு ஆய்வு போகவில்லை. அரசின் பழங்குடி நலவாழ்வுச் செயலகமோ நேர்மாறாக, தன் பொறுப்பிலுள்ள ஊர்களில் வாழ்பவர்களை மட்டுமே கணக்கில் வைத்தது. மனாவுஸ் நகரின் குடிசைப் பகுதியில் ஒரு பழங்குடி முதியவர் இறந்தால், அது பொதுப் பட்டியலில் கரைந்துவிடும். அதனால் பழங்குடிக் கூட்டமைப்பான 'ஆபிப்' தனியாக ஒரு கணக்கு நடத்தியது. அதில் சாவு எண்ணிக்கை அரசுக் கணக்கைவிட அதிகம்.

தடுப்பூசியிலும் ஊர், நகரம் என்று பிரிக்கும் இதே கோடுதான். 2021 ஜனவரி 17 அன்று பிரேசில் பழங்குடியினரில் முதல் ஊசி போட்டுக்கொண்ட வனூசா கைம்பே, சாவோ பாவ்லோவை ஒட்டிய குவாருல்யோஸ் நகரவாசி. தேசியத் திட்டத்தின் முன்னுரிமையோ பழங்குடியினரில் ஊர்களில் வாழும் சுமார் 4 லட்சம் பெரியவர்களுக்கு மட்டும். அங்கீகாரம் பெறாத நிலங்களில் வாழ்வோரையும், நகரத்தில் பொது மருத்துவம் எட்டாதவர்களையும் சேர்க்க, மார்ச்சில் உச்ச நீதிமன்ற நீதிபதி பரோசோ உத்தரவிட வேண்டியிருந்தது.

சரி, விடுபட்ட ஊர்களில் எவ்வளவு பேருக்குத் தொற்று வந்தது என்று பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமே? அதில் ஒரு சிக்கல். ஊர்களுக்கு முதலில் போனது கொரோனாவேக். நம் கோவேக்சினைப் போலவே செயலிழக்கச் செய்த முழு வைரஸ். முள்புரதத்தை மட்டும் காட்டும் தடுப்பூசி என்றால், வைரஸின் உள்புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளை வைத்துத் தொற்று வந்தவரைப் பிரித்துவிடலாம். முழு வைரஸ் ஊசி இரண்டு புரதங்களுக்கும் எதிரான எதிர்ப்பொருளைத் தூண்டுவதால், ரத்தத்தில் இருப்பது நோய் தந்ததா, ஊசி தந்ததா என்று எளிதில் சொல்ல முடியாது. தடுப்பூசிக்கு முன்பே ஊர்களில் விரிவாக எடுத்திருக்க வேண்டிய அளவீடு அது.

ரத்தம் கேட்பதும் அங்கே சாதாரணமில்லை. 1960களில் அமெரிக்க மரபியலர் ஜேம்ஸ் நீலின் குழு யானோமாமி பழங்குடி மக்களிடம் ரத்தம் எடுத்துச் சென்றது. இறந்தவரின் எதையும் மிச்சம் வைக்காதவர்கள் அவர்கள்; அந்த ரத்தமோ அமெரிக்க ஆய்வகங்களின் உறைபெட்டிகளில் கிடந்தது. நெடுங்காலம் போராடி, 2015இல்தான் 2,693 குப்பிகளைத் திரும்பப் பெற்றுப் புதைத்தார்கள். இதை அறிந்தவர்கள் அடுத்த ஊசிமுனைக்கு உடனே விரலை நீட்டாததை 'அறியாமை' என்று எழுதிவிடுவது அதிகாரிகளுக்கு வசதி.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 'உங்களைப் பழங்குடியாகக் கருதுகிறீர்களா?' என்ற கேள்வியை முன்னைவிட அதிக இடங்களில் கேட்டது. 2010இல் 8.97 லட்சமாக இருந்த எண்ணிக்கை 16.9 லட்சமானது. அவர்களில் 63% பேர் பழங்குடி நிலங்களுக்கு வெளியே வசிப்பவர்கள். ஊர்களை மட்டும் வைத்துச் சொல்லப்பட்ட தடுப்பூசி விழுக்காடுகளில் இவர்களில் பெரும்பாலோர் இல்லை.