குளுகோஸ் புட்டி தீனியாகுமா?

பசு சற்றுச் சோர்ந்தாலும், கன்று மெலிந்தாலும், ஒரு புட்டி குளுகோஸ் ஏற்றிவிட்டால் உடம்பு தேறிவிடும் என்று கால்நடை வைத்தியரை வற்புறுத்தும் வழக்கம் நம் கிராமங்களில் பரவி வருகிறது. இரத்த நாளத்தின் வழியே ஏற்றும் மருந்து பல சமயங்களில் உயிரைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனைத் தீனிக்கு ஈடாகக் கருதுவது பிசகு என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 500 மில்லி கொண்ட 5 சதவீதக் குளுகோஸ் புட்டியில் உள்ள சர்க்கரை 25 கிராமே. 25 சதவீதக் கரைசலானாலும் 125 கிராம்தான். அதன் சக்தி 500 கிலோ கலோரிக்கும் குறைவு. 350 கிலோ எடையுள்ள வறட்டுப் பசு சும்மா நிற்பதற்கே நாளொன்றுக்குச் சுமார் 10,000 கிலோ கலோரி வேண்டும். ஆகவே ஒரு கிலோ வைக்கோலில் மூன்றில் ஒரு பங்கு அளிக்கும் சக்தியைத்தான் அப்புட்டி அளிக்கிறது. புரதமும் கொழுப்பும் அதில் கிடையா. சதை எதனைக் கொண்டு வளரும்?

எல்லாச் சத்துக்களையும் சேர்த்து ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் ஸ்டான்லி டட்ரிக் முதலியோர் 1960-களில் இதனைச் செய்து பார்த்தனர். பெரிய இரத்த நாளத்தின் வழியே மட்டும் போஷிக்கப்பட்ட நாய்க்குட்டிகள், வாயால் உண்ட உடன்பிறந்த குட்டிகளுக்குச் சமமாக வளர்ந்தன. மனித வைத்தியத்துக்கு அது பேருதவியாயிற்று.

எனினும் எடை ஒன்றாயிருப்பதால் உடலும் ஒன்றாகிவிடாது. பின்னாளில் பன்றிக் குட்டிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சிகளில், நாள வழியே மட்டும் போஷிக்கப்பட்டவற்றின் குடல் மெலிந்து, அதன் உட்சவ்வு சுருங்கியிருந்தது. ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது. உடலிலும் கொழுப்பின் விகிதம் கூடியிருந்தது. காரணம் தெளிவானது. குடலின் உட்சவ்வு தனக்கு வேண்டிய சத்தில் பெரும் பகுதியைத் தன் மீது செல்லும் ஆகாரத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகாரம் பட்டால்தான் அதனை வளர்க்கும் சுரப்புகளும் தோன்றுகின்றன. வேலையில்லாத குடல், உழாத நிலம்போல் கெடுகிறது.

அசை போடும் பிராணிகளுக்கு இது இன்னும் பொருந்தும். கன்று குடிக்கும் பால் முதல் இரைப்பையில் தங்காமல் நேரே நான்காம் இரைப்பைக்குச் செல்கிறது. தானியமும் புல்லும் முதல் இரைப்பையில் புளித்து உண்டாகும் அமிலங்களே அதன் உட்புறக் காம்புகளை வளர்க்கின்றன. பாலோடு நின்ற கன்றுகளுக்கு இவ்வளர்ச்சி இல்லை என்று 1956-ல் கார்னெல் சர்வகலாசாலையார் விளக்கினர். இந்த வளர்ச்சியை எந்தப் புட்டியும் தராது.

நாள வழிச் சிகிச்சைக்கு உரிய இடங்களும் உண்டு. ஈன்ற பசு பால் சுரத்தால் விழுந்துவிட்டால், வைத்தியர் மெதுவாக ஏற்றும் சுண்ணாம்புச் சத்து மருந்தே அதனை எழுப்பும். அப்போது வாயில் கஞ்சியோ எண்ணெயோ புகட்டலாகாது. விழுங்கும் சக்தியற்ற பிராணிக்கு அது நுரையீரலில் இறங்கி உயிருக்கே மோசம் செய்யும். கடுங்கழிச்சலால் நீர் வற்றிய கன்றுக்கும், தானியத்தை அளவுமீறித் தின்று படுத்த மாட்டுக்கும் வைத்தியரை உடனே அழைக்கவேண்டும்.

ஆனால் பிராணி தலைநிமிர்ந்து விழுங்கத் தொடங்கியதும், வைத்தியரின் யோசனைப்படி சுத்தமான தண்ணீரும், சிறிது பசும்புல்லும் முன்வைத்து, நாள்தோறும் கூட்டி வருதல் அவசியம். நோயின்றி மெலிந்த மாட்டுக்குப் புட்டிக்குச் செலவிடும் பணத்தைப் பிண்ணாக்கிலும் தாது உப்பிலும் செலவிடுவதே லாபம். கன்றுக்குப் பிறந்த சில மணி நேரத்திற்குள் சீம்பாலும், இரண்டாம் வாரம் முதல் சிறிது கன்றுத் தீவனமும் கொடுக்கவேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்வார்களாக. நாளம் ஆபத்துக்கு உதவும். உடலை வளர்ப்பது வாயே.