கோ-கோவும் பரீட்சையும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் நண்பர் ஒருவர் கையில் ஒரு வெள்ளைக் காகிதத்துடன் நம் இல்லத்துக்கு விஜயம் செய்தார். காகிதத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. எழுத வேண்டியவர் நாம் என்பது காப்பி அருந்திய பிற்பாடுதான் வெளியாயிற்று.

நண்பருடைய புதல்வி பத்தாம் வகுப்பில் வாசிக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கோ-கோ கோஷ்டியில் அவளும் ஒருத்தி. பொதுப் பரீட்சை நெருங்கி வருவதால், குழந்தையை மாலைப் பயிற்சியிலிருந்து விடுவிக்கும்படி தலைமை ஆசிரியைக்கு ஒரு விண்ணப்பம் வேண்டுமாம். "நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர். அந்த அம்மாள் மறுத்துப் பேச முடியாதபடி நாலு வரி எழுதிக் கொடுங்கள்" என்றார்.

நாமும் பேனாவை எடுத்தோம். 'மதிப்புக்குரிய அம்மணி' என்பது வரையில் எழுதியும் விட்டோம். அதற்கு மேல் பேனா நகர மறுத்தது. இதே மாதிரியான கடிதம் ஒன்று ஏறக்குறைய 140 வருஷங்களுக்கு முன்னால் ராஜ்கோட்டில் எழுதப்பட்டது நம் நினைவுக்கு வந்ததே அதற்குக் காரணம்.

1925-ம் வருஷத்திலிருந்து 'நவஜீவன்' பத்திரிகையில் வாராவாரம் வெளிவந்த 'சத்திய சோதனை'யில் காந்தி மகாத்மா அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அவர் வாசித்த ஹைஸ்கூலின் தலைமை ஆசிரியர் ஒரு பார்ஸி கனவான். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேகப் பயிற்சியையும் கிரிக்கெட்டையும் அவர் கட்டாயமாக்கினார். மோகனதாஸுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. கூச்ச சுபாவம் ஒரு காரணம். நோயாளியான தகப்பனாருக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்ற ஆவல் இன்னொரு காரணம். ஒரு சனிக்கிழமை, பிற்பகல் நாலு மணிக்குப் பயிற்சி. பையனிடம் கடிகாரம் இல்லை. வானமோ மூடிக் கிடந்தது. அவன் போய்ச் சேர்வதற்குள் எல்லாரும் கலைந்து போய்விட்டார்கள். நடந்ததைச் சொன்ன போது தலைமை ஆசிரியர் நம்பவில்லை. ஓரணாவோ இரண்டணாவோ அபராதம் விதித்தார். பையன் மனம் நொந்து அழுதான். காசு போனதற்காக அல்ல, பொய்யன் என்ற பெயர் வந்ததற்காக. கடைசியில் தகப்பனாரே, 'பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை வீட்டில் வேண்டும்' என்று கடிதம் எழுதி விலக்கு வாங்கிக் கொடுத்தார்.

இதைக் கேட்டதும் நண்பருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பார்த்தீர்களா! கசரத்தும் கிரிக்கெட்டும் இல்லாமலேதான் அவர் மகாத்மா ஆனார்!" என்று நாற்காலியின் கையைத் தட்டினார்.

டிரில் வகுப்புக்கு மட்டம் போட்டவர்கள் எல்லாரும் மகாத்மா ஆவதாக இருந்தால் நம் ஊரில் தெருவுக்கு நாலு மகாத்மாக்கள் இருக்க வேண்டும். அது போகட்டும். தேகப் பயிற்சிக்கும் கல்விக்கும் சம்பந்தமில்லை என்று அந்த வயதில் நினைத்தது தவறு என்றும், மனத்துக்குத் தரும் பயிற்சிக்குச் சமமான இடம் உடலுக்குத் தரும் பயிற்சிக்கும் பாடத்திட்டத்தில் வேண்டும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். விலக்குப் பெற்றதனால் தம் உடம்புக்குக் கெடுதல் நேரவில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் செய்கிறார். ஆனால் காரணத்தையும் சொல்கிறார்: திறந்த வெளியில் நெடுந்தூரம் நடக்கும் பழக்கத்தை அவர் கைக்கொண்டிருந்தார்.

நம் நண்பரின் குமாரி எந்தத் திறந்த வெளியில் நடக்கப் போகிறாள்? காலையில் பள்ளிக்கூடத்து வேன். மாலையில் அதே வேன். ஐந்தரைக்கு டியூஷன், எட்டரைக்குச் சாப்பாடு, அப்புறம் மறுபடியும் புத்தகம். அந்தப் பெண் ஓடுவதற்கு உலகத்தில் மிச்சமிருப்பது பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு மணி நேரந்தான். நாம் எழுத உட்கார்ந்தது அதற்கும் ஒரு பூட்டு.

இந்த விஷயத்தில் பெற்றோர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு குழந்தைகளுக்கு மேல் இருந்தால், சித்திரம் முதலிய கலைகளுக்கும், உடற்பயிற்சிக்கும், கைத்தொழிலுக்கும் பகுதி நேர ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது. 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையோ பாடத்துக்கும் பாடத்துக்குப் புறம்பானவற்றுக்கும் இடையே சுவர் இருக்கலாகாது என்றே சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் திவ்வியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரைப் பரீட்சை முடிந்ததோ இல்லையோ, டிரில் வகுப்பில் கணக்கு வாத்தியார் சாக்பீஸுடன் பிரவேசிப்பதைப் பார்க்காத மாணவர் நம் நாட்டில் எத்தனை பேர்? டிரில் வாத்தியார் அந்த நேரத்தில் வராந்தாவில் நின்று தம் விசிலைப் பார்த்துக் கொண்டிருப்பார்.

கோ-கோ ஆட்டத்தை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளிகளில் வழக்கமாக ஆடும் முறையில், துரத்தும் கட்சியில் ஒன்பது பேர். எட்டுப் பேர் வரிசையாக, ஒருவர் இப்பக்கமும் அடுத்தவர் அப்பக்கமும் பார்த்தபடி குந்தியிருப்பார்கள். ஒன்பதாமவர் மட்டுமே ஓடலாம். அவர் நடுக்கோட்டைக் கடக்கக் கூடாது. ஒரு திசையில் கிளம்பிவிட்டால் கம்பத்தை எட்டும் வரை திரும்பவும் கூடாது. எதிரி மறுபக்கம் நழுவிவிட்டால், உட்கார்ந்திருப்பவர் முதுகில் தட்டி 'கோ' சொல்லித் தம் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தட்டு விழுவதற்கு முன்னால் எழுந்தால் தப்பு. விழுந்த பிறகு ஒரு கணம் தாமதித்தாலோ எதிரி போய்விடுவான். எவ்வளவு வேகமாக ஓடுகிறவளானாலும் தனியாக ஒருத்தி இந்த ஆட்டத்தை ஜயிக்க முடியாது. தன்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல், முதுகையே காதாக்கிக்கொண்டு காத்திருக்கும் எட்டுப் பேர் வேண்டும். இந்த வித்தையைக் கற்பிக்கும் பாடபுத்தகம் எதையும் நாம் இதுவரை கண்டதில்லை. கல்யாண வீட்டிலும், ஆஸ்பத்திரியிலும், ஆபீஸிலும் தினந்தோறும் தேவைப்படுவது என்னவோ இந்த வித்தைதான்.

நம் நாட்டில் பிறந்த விளையாட்டு இது. 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் டில்லியில் நடந்த முதல் உலகக் கோப்பைப் போட்டியில் ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் இந்தியாவே வெற்றி பெற்றது. இதை நண்பரிடம் சொன்னோம். உடனே அவர், "அப்படியானால் இதற்கு மெடிக்கல் சீட்டில் ஏதாவது சலுகை உண்டா?" என்று கேட்டார்.

இங்கேதான் நமக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. இந்தக் காலத்தில் பெற்றோர்கள் பிள்ளைகளை ஒன்றுக்கும் அனுப்பாமல் இல்லை. திங்களன்று கராத்தே, செவ்வாயன்று கீபோர்டு, புதனன்று அபாகஸ் என்று அனுப்பத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெடல், ஒரு சர்ட்டிபிகேட், ஒரு போட்டோ. குழந்தை தானாகத் தேடிப் போகும் ஒரு மணி நேரம் அந்த அட்டவணையில் எங்கே? ஸர் சி. வி. ராமன் சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் எம்.ஏ. வாசித்துக் கொண்டிருந்தபோதே, 1906-ல், ஒளியைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. அதை எழுது என்று எந்தப் பரீட்சையும் அவரைக் கேட்கவில்லை. பிற்பாடு கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்த காலத்தில், ஆபீஸுக்கு முன்னும் பின்னுமான வேளைகளை பௌபஜார் தெருவிலிருந்த ஆராய்ச்சிச் சாலையில் கழித்தார். வயலினையும் மிருதங்கத்தையும்கூட ஆராய்ந்தார். 1930-ல் நோபல் பரிசு வந்தது என்பது வாஸ்தவந்தான். வராமற் போயிருந்தாலும் அந்த மாலை நேரங்கள் வீண் என்று நாம் சொல்ல மாட்டோம்.

நண்பர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களிடம் சொல்வதற்கென்ன? பெண்ணுக்குப் பதினைந்து வயது ஆகிறது. வெயிலில் கறுத்துப் போகிறாள் என்று அவள் தாயாருக்கும் கவலை" என்றார். ஆக, பரீட்சை ஒரு சாக்குத்தான்! அண்ணன்காரன் அதே வகுப்பில் வாசித்த வருஷம் மாலைதோறும் கிரிக்கெட் மட்டையுடன் கிளம்பியதை நாமே பார்த்திருக்கிறோம். அவனுக்கு விலக்குக் கேட்டு யாரும் நம்மிடம் வெள்ளைக் காகிதம் கொண்டு வரவில்லை.

"குழந்தை என்ன சொல்கிறாள்?" என்று கேட்டோம்.

"'நீங்கள் சொன்னால் நின்று விடுகிறேன், அப்பா. ஆனால் என் இடத்தில் உட்கார இன்னொருத்தி பழகுகிற வரையில் போய் வருகிறேன்' என்கிறாள்" என்றார் நண்பர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

நாம் கடிதத்தை எழுதி முடித்தோம். பயிற்சியை ஐந்தரைக்குள் முடித்து அனுப்பினால் டியூஷனுக்குப் போக வசதியாக இருக்கும் என்று மட்டுமே அதில் கண்டிருந்தது. நண்பர் இரண்டு தடவை வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டார். புதன்கிழமை வரையில் அது அந்தப் பையிலேயே இருப்பதாகத் தெரிகிறது. பெண் தினமும் மைதானத்துக்குப் போய் வருகிறாளாம்.